விண்கலத்துக்கு வழி சொல்றது யாரு? தாழ் வட்டப்பாதையில் ஜிபிஎஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாக லேசாகத் தொகுக்கப்பட்டுள்ளது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். உங்க போனை எடுத்துட்டுப் போய் சர்வதேச விண்வெளி நிலையத்துல, ஜன்னல் ஓரமா நின்னு மேப்பைத் திறந்தா, அந்த நீலப் புள்ளி எங்க காட்டும்?

எங்கேயும் காட்டாது. லொகேஷன் தேடிக்கிட்டே இருக்கும். "அவ்வளவு உயரத்துல சிக்னல் கிடைக்காதுப்பா"ன்னு நினைப்பீங்க. ஆனா சிக்னல் அங்க நல்லாவே வருது. சொல்லப்போனா, உயரமான கட்டடங்களுக்கு நடுவுல நிக்கிற உங்களைவிட அந்த ஜன்னலுக்கு வெளியே நிலைமை ரொம்ப நல்லா இருக்கு. அப்புறம் ஏன் போன் வேலை செய்யாது? அதுக்குப் பதில் தேடினா, விண்கலங்கள் எப்படித் தங்களோட இடத்தைத் தெரிஞ்சுக்குதுங்கிற பெரிய கதைக்குள்ள போயிடுவோம்.

பூமியிலிருந்து 2,000 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் உள்ள பகுதியைத் தாழ் புவி வட்டப்பாதைன்னு சொல்றாங்க. சுருக்கமா லியோ. விண்வெளி நிலையம், ஸ்டார்லிங்க், பூமியைப் படம் எடுக்கிற சாட்டிலைட்கள் எல்லாம் இங்கதான் சுத்துது. இதுங்களுக்கு ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்குதான்னு கேட்டா, அதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. சிக்னல் அங்க வருதா? வந்தா, அந்த வேகத்துல பிடிக்க முடியுதா? பிடிச்சா, விடாம வச்சுக்க முடியுதா? ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

சிக்னல் அங்க வருதா?

முதல்ல ஒரு சின்ன ரீகேப். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இன்னார், இப்போ இங்க இருக்கேன், என் கடிகாரத்துல மணி இவ்வளவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ரிசீவர் கணக்குப் போட்டு, தூரத்தைக் கண்டுபிடிக்குது. நீளம், அகலம், உயரம்னு மூணு தெரியணும். ரிசீவரோட சொந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பா ஓடுதுன்னு நாலாவதும் தெரியணும். அதனால குறைஞ்சது 4 சாட்டிலைட் கண்ணுல படணும்.

இந்த ஜிபிஎஸ் ஆன்டெனா எல்லாம் பூமியைப் பார்த்துத்தான் திரும்பி இருக்கும். பயன்படுத்தப் போறவங்க தரையிலயும் கடலிலயும் விமானத்துலயும் இருக்காங்கன்னு நினைச்சு வடிவமைச்சது. மேடையில ஒருத்தர் மேல ஸ்பாட்லைட் அடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. வெளிச்சம் அவர் மேல மட்டும் விழாது, அவரைச் சுத்தி ஒரு வட்டமும் தெரியும். அதே மாதிரி, 20,200 கிலோமீட்டர்ல இருந்து பார்த்தா பூமி சுமார் 28 டிகிரி அகலமுள்ள ஒரு உருண்டை. ஜிபிஎஸ் சிக்னலோட முக்கியமான கற்றை அதைவிட அகலமா விரியுது. விளிம்பைத் தாண்டி வழியுற அந்த வெளிச்சத்துக்குள்ளதான் லியோ முழுசும் அடங்குது.

ஜிபிஎஸ் அமைப்பே இதுக்கு ஒரு எல்லை வச்சிருக்கு. தரையில இருந்து 3,000 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் ஒரே சேவைப் பகுதி. அதாவது 500 கிலோமீட்டர் உயரத்துல பறக்கிற சாட்டிலைட்டும், பஸ் ஸ்டாப்ல நிக்கிற நீங்களும் ஒரே கணக்குல வர்றீங்க. 3,000-ல இருந்து 36,000 கிலோமீட்டர் வரைக்கும் உள்ளது தனிப் பகுதி. அங்கதான் விஷயம் கஷ்டமாகுது. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளுக்கும் மேல போயிட்டா, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாட்டிலைட்ல இருந்து பூமியோட ஓரத்தை உரசிக்கிட்டு வர்ற சிக்னலைத்தான் நம்பணும்.

லியோவுக்கு அந்தக் கவலை இல்ல. மறைக்கக் கட்டடம் இல்ல, மரம் இல்ல, மலை இல்ல. 500 கிலோமீட்டர் உயரத்துல தொடுவானம் கூட 22 டிகிரி கீழே இறங்கிடும். ஆன்டெனா வானத்தைப் பார்த்தபடி இருந்தா, எந்த நேரத்துலயும் நாலுக்கு மேல தாராளமா சாட்டிலைட் தெரியும்.

இது ரொம்பப் பழைய யோசனை. 1982-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 4 செயற்கைக்கோளிலேயே சோதனைக்காக ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தது. ஜிபிஎஸ் அமைப்பே அப்போ முழுசா முடியல. பத்து வருஷம் கழிச்சு, 1992-ல், கடல் மட்டத்தை அளக்கப் போன டோபெக்ஸ்/பொசைடன் 1,336 கிலோமீட்டர் உயரத்துல பறந்துக்கிட்டே, தன்னோட உயரத்தை சில சென்டிமீட்டர் துல்லியத்துல ஜிபிஎஸ்ஸை வச்சு அறிய முடியும்னு காட்டிடுச்சு.

அந்த வேகத்துல பிடிக்க முடியுதா?

இப்போ உங்க போனுக்கு வருவோம். விண்வெளி நிலையம் நொடிக்கு சுமார் 7.6 கிலோமீட்டர் வேகத்துல போகுது. இதனால ரெண்டு சிக்கல்.

முதல் சிக்கல் இயற்பியல். பிளாட்பாரத்துல நிக்கும்போது எக்ஸ்பிரஸ் ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே கடந்து போனா, கிட்ட வரும்போது கீச்சுன்னு கேட்கும், தாண்டினதும் சத்தம் கனத்துடும். டாப்ளர் விளைவு. ஜிபிஎஸ் சிக்னலுக்கும் அது உண்டு. தரையில நிக்கிற ரிசீவருக்கு, 1575.42 மெகாஹெர்ட்ஸ்ல வர வேண்டிய சிக்னல் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நகரும். லியோவில அது சுமார் 40 கிலோஹெர்ட்ஸ். எட்டு மடங்கு.

அந்தச் சிக்னல் எவ்வளவு பலவீனமானதுன்னு தெரிஞ்சாத்தான் இது ஏன் கஷ்டம்னு புரியும். நமக்கு வந்து சேர்றது, ஒரு வாட்டை ஒரு கோடியால வகுத்து, அதை மறுபடி நூறு கோடியால வகுத்தா வர்ற அளவு. சுத்தி இருக்கிற இரைச்சலைவிடக் குறைவு. ரிசீவர் தனக்குத் தெரிஞ்ச கோடை வச்சு, ஒவ்வொரு அலைவரிசையா, ஒவ்வொரு நேர நகர்வா பொருத்திப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்குது. பழைய ரேடியோவில குமிழைத் திருகி ஸ்டேஷன் தேடுற மாதிரி. லியோவில தேட வேண்டிய டயலே எட்டு மடங்கு நீளம். அதோட, நீங்க தேடத் தேட ஸ்டேஷன் வேற நகர்ந்துக்கிட்டே இருக்கு. தரையில ஒரு ஜிபிஎஸ் சாட்டிலைட் மணிக்கணக்கா தலைக்கு மேல இருக்கும். ஒன்றரை மணி நேரத்துல பூமியையே ஒரு சுத்து சுத்திடுற கலத்துக்கு அது அரை மணி, முக்கால் மணி நேரம்தான். அதனால விண்வெளி ரிசீவர்கள், "நான் தோராயமா இந்தப் பாதையில இருக்கேன், இந்த நேரத்துல இந்த சாட்டிலைட் இந்த அலைவரிசையில வரணும்"னு முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தேடுற மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

ரெண்டாவது சிக்கல் சட்டம். ஏவுகணையும் வேகமா, உயரமாத்தானே போகும்? பனிப்போர் காலத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள்ல இருந்து வந்த ஒரு பழக்கம்: சாதாரண ஜிபிஎஸ் சிப் 18 கிலோமீட்டர் உயரத்தையும் நொடிக்கு 515 மீட்டர் வேகத்தையும் தாண்டினா, பதில் சொல்றதை நிறுத்திடணும். இந்த எண்கள் சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் மாறும். இன்னைக்கு 35 நாடுகள் சேர்ந்திருக்கிற ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுல அந்த வேக வரம்பு நொடிக்கு 600 மீட்டர். இந்தியா 2016-ல் அதில் சேர்ந்தது. உங்க போன்ல இருக்கிற சிப்புக்கு நொடிக்கு 7,600 மீட்டர்னா, ஒண்ணு குழம்பிடும், இல்ல வாயை மூடிக்கும். க்யூப்சாட் கட்டுற கல்லூரி டீம்கள் கடையில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மாட்யூலை அப்படியே மாட்டி அனுப்ப முடியாததுக்கு இதுதான் காரணம். வரம்பு நீக்கின, விண்வெளிக்குன்னே எழுதின மென்பொருள் உள்ள ரிசீவர் வேணும்.

"சரி, இடம் கொஞ்சம் தப்பாத் தெரிஞ்சா என்ன போச்சு?"ன்னு தோணலாம். ஒரு நொடி தப்பானா ஏழு கிலோமீட்டர் தப்பு. தி.நகரைப் படம் எடுக்கச் சொன்னா, கேமரா கிண்டியைத் தாண்டிப் போய் எதையாவது எடுத்துட்டு வரும். படத்தோட போனா பரவாயில்ல. 2009 பிப்ரவரி 10-ஆம் தேதி, சைபீரியாவுக்கு மேல சுமார் 790 கிலோமீட்டர் உயரத்துல, வேலை செய்துக்கிட்டிருந்த இரிடியம் 33-உம், செயலிழந்த ரஷ்யாவோட காஸ்மாஸ் 2251-உம் மோதி நொறுங்கிடுச்சு. தரையிலிருந்து கண்காணிச்சுப் போட்ட ஒரு கணிப்பு, ரெண்டும் அரை கிலோமீட்டருக்கு மேல விலகிக் கடக்கும்னுதான் சொல்லியிருந்தது. அந்தக் கணிப்போட பிழையே அதைவிடப் பெரிசா இருந்திருக்கு. ஜிபிஎஸ் இருக்கிற கலம் தன்னோட இடத்தை மீட்டர் கணக்குல சொல்லிடும். செத்துப்போன காஸ்மாஸ் மாதிரி ஒண்ணு தன்னைப் பத்தி எதுவும் சொல்லாது. அதனால ஜிபிஎஸ் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்குது. ஆனா அந்தப் பாதி ரொம்ப முக்கியமான பாதி. எதிர்ல வர்றவன் எங்க இருக்கான்னு சரியாத் தெரியாதப்போ, நாம எங்க இருக்கோம்னாவது தெளிவாத் தெரியணும் இல்லையா?

விடாம வச்சுக்க முடியுதா?

மூணாவது கேள்வியிலதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 நவம்பர்ல ஸ்வார்ம்னு மூணு சாட்டிலைட்களை அனுப்பிச்சு. பூமியோட காந்தப்புலத்தை அளக்கிறதுதான் வேலை. நல்ல ரிசீவர், நல்ல ஆன்டெனா. ஆனாலும் முதல் ரெண்டு வருஷத்துல 166 தடவை ஜிபிஎஸ் தொடர்பு அறுந்துபோச்சு. எங்க எப்போ அறுந்ததுன்னு புள்ளி வச்சுப் பார்த்தா, பெரும்பாலும் நிலநடுக்கோட்டுப் பகுதியில, குறிப்பா ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் நடுவுல.

ஆராய்ச்சியாளர்கள் அந்த 166-ல் 161-ஐ அயனமண்டலத்தில் நடக்கும் ஒரு வகைக் கொந்தளிப்போடு இணைத்துக் காட்டினார்கள். பகல்ல சூரிய ஒளி மேல்வளிமண்டலத்துல இருக்கிற அணுக்கள்ல இருந்து எலெக்ட்ரான்களைப் பிரிச்சுப் போடும். பொழுது சாய்ந்ததும் கீழ் அடுக்குல அந்த எலெக்ட்ரான்கள் சீக்கிரம் குறைஞ்சிடும், மேல் அடுக்கு அடர்த்தியாவே இருக்கும். எண்ணெய்க்கு மேல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? எண்ணெய் குமிழ் குமிழா மேல வரும். அதே மாதிரி, அடர்த்தி குறைஞ்ச குமிழ்கள் மேல எழும்பும். ஒவ்வொண்ணும் பல கிலோமீட்டர் அகலம். அதுக்குள்ள நுழையுற ரேடியோ சிக்னல், கானல் அலையில தூரத்துக் காட்சி நடுங்குற மாதிரி நடுங்கும். ரிசீவர் பிடியை விட்டுடும்.

தரையில இருக்கிற நமக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. ஆனா ஸ்வார்ம் மாதிரி 460, 510 கிலோமீட்டர்ல போற கலம் அந்தக் குமிழுக்குள்ளேயே புகுந்து போகுது. குமிழ்கள் உருவாகிறது காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி. அந்தக் கோடு நம்ம தென்கோடிக்குப் பக்கத்துல போகுது. திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இருக்கிறதும், 1963-ல் முதல் ராக்கெட்டை விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனாலதான். நம்ம தலைக்கு மேல இருக்கிற வானம், இந்த விஷயத்துல, உலகத்துலேயே கொஞ்சம் முரட்டுத்தனமான பகுதி.

ஸ்வார்ம் குழு என்ன பண்ணிச்சு? ரிசீவரோட ட்ராக்கிங் செட்டிங்கைத் தரையில இருந்தே மாத்திச்சு. ரொம்ப இறுக்கிப் பிடிச்சா, நடுங்குற சிக்னல் கையை விட்டுப் போயிடும். கொஞ்சம் தளர்வா, அதோட ஆட்டத்துக்கு ஏத்தபடி ஆடினா பிடி நிக்கும். அறுந்துபோறது குறைஞ்சது.

இயற்கை மட்டும் இடைஞ்சல் பண்றதில்ல. விண்வெளி நிலையத்துல வச்சிருந்த ஒரு ரிசீவரோட தரவை ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஆராய்ஞ்சப்போ, ஜிபிஎஸ் அலைவரிசையில வேணும்னே இரைச்சல் போடுற ஒரு கருவி தெரிஞ்சது. அதே டாப்ளர் கணக்கை வச்சுத் தேடிப்போனா, சிரியாவில இருக்கிற க்மெய்மிம் விமானத்தளத்துல போய் நின்னுச்சு. தரையில போர் நடந்தா, அதோட இரைச்சல் 400 கிலோமீட்டர் மேல போற கலத்துக்கும் கேட்குது.

சிக்னல் போயிட்டா கலம் உடனே தொலைஞ்சிடாது. சுற்றுப்பாதைக்குன்னு விதி இருக்கு. கடைசியாத் தெரிஞ்ச இடம், வேகம் இதை வச்சுக் கொஞ்ச நேரம் தானே கணக்குப் போட்டு ஓட்டிக்கும். பிரச்சினை, அந்தக் கொஞ்ச நேரத்துல வேற ஒண்ணு ரொம்பக் கிட்ட இருந்தா.

ரெண்டு கலம் சந்திக்கணும்னா

அப்படிக் கிட்ட கொண்டுபோனதுதான் ஸ்பேடெக்ஸ். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி-சி60 ஏவிய, தலா சுமார் 220 கிலோ எடையுள்ள ரெண்டு சாட்டிலைட். 470 கிலோமீட்டர் உயரம். ஒண்ணு துரத்தும், ஒண்ணு காத்திருக்கும், கடைசியில ரெண்டும் இணையணும்.

ஜிபிஎஸ் பிழை சில மீட்டர்னு வச்சுக்குவோம். ரெண்டு கலத்துலயும் அந்தப் பிழை இருந்தா எப்படிக் கிட்ட கொண்டு வர்றது? இங்கதான் ஒரு பழைய தந்திரம். கடைத் தராசு 200 கிராம் கூடுதலா காட்டுதுன்னு வைங்க. ரெண்டு பையை அதே தராசுல போட்டு, எடை வித்தியாசத்தை மட்டும் பார்த்தா, அந்த 200 கிராம் தானா கழிஞ்சு போயிடும். ரெண்டு கலமும் பக்கத்துல இருக்கிறதால, ஒரே வழிகாட்டு சாட்டிலைட்டோட கடிகாரப் பிழையும் அயனமண்டலப் பிழையும் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஸ்பேடெக்ஸ் கலங்கள் தங்களுக்குள்ள ரேடியோ இணைப்புல அளவீடுகளைப் பகிர்ந்து, ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சு, நடுவுல இருக்கிற தூரத்தையும் வேகத்தையும் மட்டும் துல்லியமா எடுத்துக்கிட்டாங்க. ரொம்ப நெருங்கினதும் லேசர் மாதிரியான சென்சார்கள் பொறுப்பை ஏத்துக்கும்.

அது ஒரே மூச்சுல நடக்கல. 225 மீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவர முயன்றப்போ எதிர்பார்த்ததைவிட அதிகமா விலகுதுன்னு இஸ்ரோ இணைப்பைத் தள்ளி வச்சது. அப்புறம் 15 மீட்டர், 3 மீட்டர் வரைக்கும் ஒத்திகை பார்த்துப் பின்வாங்கினாங்க. 2025 ஜனவரி 16-ல் இணைஞ்சது.

இங்க நம்ம வீட்டு விஷயம் ஒண்ணு. நமக்குன்னு நாவிக் இருக்கே, அதை வச்சு லியோ முழுக்க ஓட்டலாமேன்னு கேட்பீங்க. நாவிக் சாட்டிலைட்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்துல, இந்தியாவும் அதைச் சுத்தி 1,500 கிலோமீட்டரும் எப்பவும் தெரியுற மாதிரி நிறுத்தப்பட்டவை. தரையில இருக்கிற இந்தியருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனா 500 கிலோமீட்டர் உயரத்துல போற இந்தியக் கலம், மெக்சிகோவுக்கு மேல போகும்போது நாவிக் கூட்டம் மொத்தமும் பூமிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். சுத்துற ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு பகுதி வரும். அதனால லியோ கலத்துக்கு எப்பவும் சிக்னல் வேணும்னா, அமெரிக்காவோட ஜிபிஎஸ், ரஷ்யாவோட க்ளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோ, சீனாவோட பெய்டூ இந்த நாலுல ஏதாவது ஒண்ணைச் சார்ந்துதான் ஆகணும். உலகம் முழுக்க உறை போட்டிருக்கிறது இவங்கதான்.

அதுக்குன்னு பயப்படணுமா? ஒண்ணை மட்டும் நம்பாம, பல அமைப்புகளோட சிக்னலையும் எடுத்துக்கிற ரிசீவர் வைக்கிறது இன்னைக்கு சாதாரணம். ஆனா அந்த எல்லாமே கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து அலைவரிசையில, ஒரே அயனமண்டலம் வழியாத்தான் வருது. ஒரு குமிழோ ஒரு ஜாமரோ எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆட்டி வைக்கலாம். அதனாலதான் தரையில இருந்து கலத்தோட தூரத்தை அளக்கிற பழைய முறையையும், நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியற கேமராவையும் யாரும் கைவிடல.

மனுஷங்களை ஏத்திக்கிட்டுப் போற ககன்யான், இந்தியாவோட சொந்த விண்வெளி நிலையம்னு அடுத்தடுத்து திட்டங்கள் வருது. அதுல எல்லாம் ஒரு கலம் இன்னொண்ணைத் தேடிப் போய்ச் சேரணும். அப்போ "ஜிபிஎஸ் இருக்கா?"ன்னு கேட்டா போதாது. சிக்னல் அறுந்தா எத்தனை நிமிஷம் தானா சமாளிக்கும், அந்த நேரத்துல எவ்வளவு தூரம் தப்பிப் போகலாம், யாரோட சிக்னலை நம்பியிருக்குன்னு கேட்கணும். அடுத்த தடவை ஒரு டாக்கிங் லைவ் பார்க்கும்போது, கமென்ட்ரியில இந்த மூணுக்கும் பதில் வருதான்னு கவனிச்சுப் பாருங்க.

இந்த எபிசோடைப் பத்திக் கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.